மூடிய இமைக்குப் பின்னால்: மூளை அனியூரிசம் அறுவைக்குப் பின் கண்ணுக்கு நேரும் அரிய சிக்கல்கள்

மூளை அறுவை முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவரைப் பார்க்கப் போகும் வீட்டார் முதலில் பதறுவது கண்ணைக் கண்டுதான். அறுவை நடந்த பக்கத்து இமை ஊதி, கருநீலமாகி, ஒட்டிக்கொண்டு கிடக்கும். ‘தலையில்தானே ஆப்பரேஷன், கண்ணை என்ன செய்தார்கள்?’ என்று யாராவது ஒருவர் கேட்பார். ‘ஒன்றுமில்லை, பத்து நாளில் வடிந்துவிடும்’ என்று பதில் வரும். பெரும்பாலோருக்கு அது முழு உண்மை. மிகச் சிலருக்கு மட்டும் அதே இமைக்குப் பின்னால் பார்வை ஓரிரு மணி நேரத்துக்குள் அழிந்துபோகிறது. மயக்கம் தெளியாத நோயாளிக்கு அது தெரியாது. இமை மூடியிருப்பதால் சுற்றி நிற்பவர்களுக்கும் தெரியாது. நான்காம் நாள் வீக்கம் கொஞ்சம் தணிந்து கண் திறக்கும்போது தெரியவரும். அப்போது செய்ய எதுவும் மிஞ்சியிருக்காது.

எனவே வீக்கம் எவ்வளவு பெரிது என்பதை வைத்துக் கண்ணின் நிலையைக் கணிக்கக் கூடாது. இமையை விரலால் விலக்கி, டார்ச் அடித்து, பாவை (விழி நடுவில் உள்ள கருந்துளை) சுருங்குகிறதா, வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அறுவை அரங்கிலிருந்து வெளியே வந்த முதல் மணியிலிருந்தே பார்க்க வேண்டும். கீழே சொல்லப்படுவதில் பெரும்பகுதி, அப்படிப் பார்க்கும்போது கண்ணில் படுவதை எப்படிப் புரிந்துகொள்வது என்பது பற்றித்தான்.

மூளைக்குப் போகும் குழாயில்தான் கண்ணும் குடிக்கிறது

ரத்தக்குழாயின் சுவர் வலுவிழந்த இடத்தில் பையாகப் புடைப்பது அனியூரிசம். மொரீஷியஸ் மருத்துவமனைகளில் பிரெஞ்சு உச்சரிப்பில் ‘அனெவ்ரிஸ்ம்’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். வயதுவந்தோரில் நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கு வெடிக்காத அனியூரிசம் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை மூளையின் அடியில், வில்லிஸ் வளையம் எனப்படும் குழாய்ச் சந்திப்பில் உருவாகின்றன. வெடித்தால் மூளையைச் சுற்றியுள்ள நீர் இடைவெளிக்குள் ரத்தம் பாயும். அதுவரை அனுபவித்திராத தலைவலி ஒரே நொடியில் தாக்கும்.

கண் இந்த இடத்தின் வாசலில் இருக்கிறது. கழுத்தின் உட்புறக் கரோட்டிட் தமனி மண்டையோட்டுக்குள் நுழைந்து, கேவர்னஸ் சைனஸ் என்ற சிரைக் குளத்தைக் கடந்தவுடன் விடும் முதல் பெரிய கிளை கண்ணுக்குப் போகும் ஆப்தால்மிக் தமனி. அந்தத் தமனி பார்வை நரம்பின் அடியிலேயே பிறக்கிறது. கண்ணிலிருந்து திரும்பும் ரத்தத்தில் பெரும்பகுதி அதே கேவர்னஸ் சைனஸில்தான் வடிகிறது. விழியை அசைக்கும் மூன்றாம் நரம்பு, அனியூரிசம் அடிக்கடி உருவாகும் பின்புற இணைப்புத் தமனியை ஒட்டியே ஓடுகிறது. வரத்து, வடிகால், நரம்பு மூன்றும் அறுவை நடக்கும் சில சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வால்ட்டர் டாண்டி 1937இல் முதன்முதலாக அனியூரிசப் பையின் கழுத்தில், உள்ளே ரத்தம் புகாதபடி, வெள்ளிக் கிளிப் போட்டார். அந்த நோயாளியை அவரிடம் கொண்டுவந்த அறிகுறியே மூன்றாம் நரம்பு செயலிழந்ததுதான்.

இன்று சிகிச்சை இரண்டு வழியில் நடக்கிறது. ஒன்று, நெற்றியும் கன்னப்பொறியும் சேரும் இடத்தில் எலும்பைத் திறந்து கிளிப் போடுவது. இது டெரியோனல் வழி. மற்றொன்று, தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ தமனிக்குள் குழாய் செலுத்திப் பிளாட்டினச் சுருளால் அனியூரிசத்தை அடைப்பது, அல்லது ரத்த ஓட்டத்தைத் திருப்பிவிடும் வலைக்குழாய் வைப்பது. 1990இல் இத்தாலிய மருத்துவர் குலியெல்மி உருவாக்கிய சுருள் நோயாளியிடம் பயன்படுத்தப்பட்டதிலிருந்து இந்த இரண்டாவது வழி வேகமாகப் பரவியது. கண்குழிக்குள் அழுத்தம் ஏறுவது பெரும்பாலும் முதல் வழியின் சிக்கல். ரத்த ஓட்டம் தடைபட்டுப் பார்வை போவது இரண்டிலும் உண்டு.

வெறும் வீக்கம் எது?

நெற்றித் தசைக்கு முன்பக்கத்தில் எலும்புப் பிடிப்பு கிடையாது; புருவத்தருகே அது தோலோடுதான் கலக்கிறது. தலைத்தோலுக்கு அடியில் தேங்கும் ரத்தமும் நீரும் அதனால் தடையில்லாமல் வழிந்து மேல் இமைக்குள் இறங்கும். இமைத்தோல் உடம்பிலேயே மெல்லியது, கொஞ்சம் நீருக்கே பெரிதாக ஊதும். இரண்டாம் மூன்றாம் நாளில் வீக்கம் உச்சத்துக்குப் போய், ஏழு முதல் பத்து நாளில் வடியும். சாய்ந்து படுத்த பக்கத்துக் கண்ணும் சேர்ந்து ஊதுவது உண்டு.

இமைக்குள்ளே, கண்குழியின் விளிம்பிலிருந்து இமையின் உள்தகடு வரை ஒரு நார்த்திரை ஓடுகிறது. மேலிருந்து வழியும் ரத்தம் அந்தத் திரைக்கு முன்னாலேயே நின்றுவிடும். இமை எவ்வளவு ஊதியிருந்தாலும், விலக்கிப் பார்த்தால் உள்ளே விழி இயல்பான இடத்தில், எல்லாத் திசையிலும் அசைந்து, ஒளிக்குப் பாவை சுருங்கிக்கொண்டு இருக்கும். தலையை 30 பாகை உயர்த்தி வைப்பதும், மருத்துவர் அனுமதித்தால் துணி சுற்றிய குளிர் ஒத்தடமும் போதும். தலைக்கட்டு நழுவி இமையின் மேல் இறுக்கமாக அமர்ந்திருக்கிறதா என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

திரைக்குப் பின்னால் அழுத்தம் ஏறினால்

வயதுவந்தவரின் கண்குழி சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும் எலும்புக் கூம்பு. அதில் விழி 7 மில்லிலிட்டர். மீதி கொழுப்பு, தசை, நரம்பு, குழாய்கள். பின்புறமும் பக்கங்களும் எலும்பு. முன்புறம் இமையும் அந்த நார்த்திரையும் அதை ஓரத்தில் கட்டியிருக்கும் தசைநார்களும். உள்ளே ரத்தமோ நீர்க்கோவையோ சேர்ந்தால் விழி கொஞ்சம் முன்னே வரும், தசைநார்கள் முழுதாக இழுபட்டதும் அதற்கு மேல் நகர இடம் இராது. அங்கிருந்து அழுத்தம் செங்குத்தாக ஏறும்.

விழியின் உள்ளழுத்தம் இயல்பாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம். நோயாளியின் சராசரி ரத்த அழுத்தம் 60க்கு இறங்கி, விழி அழுத்தம் 50க்கு ஏறியிருந்தால், விழித்திரைக்கு ரத்தத்தைத் தள்ள மிஞ்சுவது தோராயமாக 10தான். அதில் விழித்திரை பிழைக்காது. அதன் மையத் தமனி முழுதாக அடைபட்டால் மீளாத சேதம் தொடங்க 90 முதல் 100 நிமிடம் ஆகும் என்பது குரங்குகளில் செய்த ஆய்வுகளிலிருந்து கிடைத்த கணக்கு. மனிதருக்கும் மருத்துவர்கள் அதையே கடைசி எல்லையாக வைத்து வேலை செய்கிறார்கள்.

அனியூரிசம் அறுவையில் இது எப்படி நேர்கிறது? டெரியோனல் வழியில் காதுக்கு முன்னால் தொடங்கி நெற்றி முடிவிளிம்பு வரை கீறி, தோலையும் கன்னப்பொறித் தசையையும் சேர்த்து முன்பக்கமாகப் புரட்டுவார்கள். புரட்டிய மடல் பின்னால் சுருண்டு வராமல் இருக்க வளைகொக்கிகளால் இழுத்துக் கட்டுவார்கள். மடல் தடிமனாக இருந்து, கொக்கி கீழ்நோக்கி இழுத்தால், மடலின் எடை மூடிய இமையின் மேல் அமரும். அறுவை பல மணி நேரம் நடக்கும். துணி போர்த்திய முகத்துக்கு அடியில் விழி நசுங்குவதை யாரும் பார்ப்பதில்லை. இதைத் தடுக்க மடலுக்கு அடியில் உருட்டிய காஸ் துணி வைத்து, எடை புருவ எலும்பின் மேல் விழும்படி செய்வார்கள். கொக்கிகளின் இழுப்பை மேல்நோக்கி மாற்றுவார்கள். இடையிடையே மயக்க மருத்துவர் போர்வைக்கு அடியில் கைவிட்டு விழி அழுந்தவில்லை என்று தொட்டுப் பார்ப்பார்.

இரண்டாவது காரணம் வடிகால் அடைபடுவது. அறுவைக்காகத் தலையை மறுபக்கம் திருப்புவார்கள். கழுத்து அளவுக்கு மீறி முறுக்கப்பட்டால் கழுத்துச் சிரை நெருக்குண்டு, கண்குழியிலிருந்து ரத்தம் இறங்க வழியில்லாமல் தேங்கும். தலை இதயத்தைவிடத் தாழ்ந்தால் தேக்கம் கூடும். அனியூரிசம் வெடித்தவருக்கு மண்டைக்குள் ஏற்கெனவே அழுத்தம் உயர்ந்திருப்பதால் கேவர்னஸ் சைனஸ் பக்கமும் எதிர்ப்பு இருக்கும். வெடித்த அனியூரிசத்துக்கான அறுவையில் இந்தச் சிக்கலை அதிகம் காண்பதற்கு இது ஒரு காரணம். மூன்றாவதாக, அனியூரிசத்தை அடைய ஸ்பீனாய்டு எலும்பின் விளிம்பைத் தேய்க்கும்போது கண்குழியின் கூரையோ வெளிச்சுவரோ திறந்துபோய், கண்குழிக்குள் ரத்தம் கசியலாம். இவற்றோடு ரத்த அழுத்தமும் தாழ்ந்திருந்தால் எல்லாம் ஒன்றுசேர்ந்துவிடும். ஒரே காரணத்தால் மட்டும் கண் போவது அபூர்வம்.

மடல் அழுத்தியதால் வரும் சேதத்தில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. அறுவை நடக்கும்போது விழி உள்ளே அமுங்கித்தான் இருக்கும், பிதுங்காது. மடலைத் திரும்பப் பொருத்தியதும், பட்டினி கிடந்த தசைகளுக்குள் ரத்தம் பாய்ந்து அவை ஊதும். அடுத்த சில மணி நேரத்தில் விழி முன்னே பிதுங்கி, வெள்ளைவிழிச் சவ்வு நீர்கோத்து இமைக்கு வெளியே தள்ளி, கண் எந்தப் பக்கமும் அசையாமல் நிற்கும். பாவை விரிந்து நிலைத்திருக்கும். விழித்திரை வெளிறி, நடுவில் செம்புள்ளி தெரியும். இதைக் கண்குழித் திசு இறப்பு என்கிறார்கள். பிதுக்கம் சில வாரத்தில் அடங்கும். தசைகளுக்கும் அவற்றின் நரம்புகளுக்கும் பல வழியில் ரத்தம் வருவதால் அசைவு பல மாதங்களில் ஓரளவாவது திரும்பும். பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. இந்த வகையைத் தடுக்க முடிவது அறுவை மேசையில்தான்.

ரத்தம் கசிந்து, அறுவைக்குப் பின் படிப்படியாக அழுத்தம் ஏறும் வகையை மட்டும் படுக்கையருகே காப்பாற்றலாம். விழி பிதுங்கி, இமைமேல் தொட்டால் மறுகண்ணைவிடக் கல்லாக இறுகி, பாவை மந்தமாகி, பார்வை குறைந்திருந்தால் ஸ்கேனுக்கு வரிசையில் நிற்க நேரமில்லை. இமையின் வெளிமூலையில் 1 முதல் 2 மில்லிலிட்டர் அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன் போட்டு, அந்த மூலையை இடுக்கியால் ஒரு நிமிடம் கவ்வி, எலும்பு விளிம்பு நோக்கி 1 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வெட்டுவார்கள். இது கான்தாட்டமி. இதோடு நிறுத்தினால் பயன் மிகக் குறைவு. பலர் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். கீழ் இமையை முன்னே இழுத்து, வெட்டின் உள்ளே கத்தரிநுனியால் வருடினால் கம்பி போல் விறைத்த தசைநாரின் கீழ்க்கிளை தட்டுப்படும். அதை அறுத்ததும் கீழ் இமை முற்றிலும் தளர்ந்து விழியைவிட்டு விலகி வரும். வேலை முடிந்ததற்கு அதுவே அடையாளம். அழுத்தத்தை மீண்டும் அளந்து, 40க்குக் கீழே வரவில்லை என்றால் மேல்கிளையையும் அறுப்பார்கள். காயத்தைச் சில நாள் கழித்துத் தைக்கலாம். சிலருக்குத் தானாகவே ஆறிவிடும். தழும்புக்குப் பயந்து தயங்குவதில் அர்த்தமே இல்லை.

மேனிட்டால், 500 மில்லிகிராம் அசெட்டசோலமைடு ஊசி, டிமோலால் சொட்டு ஆகியவை அழுத்தத்தைக் குறைக்கக் கூடவே போகும் துணை மருந்துகள். அவற்றைப் போட்டுவிட்டு வெட்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது. அனியூரிசம் வெடித்தவருக்கு மேனிட்டாலில் சிறுநீர் அதிகம் போய் உடல் வறண்டால் மூளைக்குழாய் இறுக்கம் மோசமாகும் என்பதால், இழந்த நீரை ஈடுகட்டிக்கொண்டே போக வேண்டும்.

விரிந்த பாவையைப் படிப்பது

அறுவைக்குப் பின் ஒரு பாவை பெரிதாகிவிட்டால் மூளை அறுவைப் பிரிவில் முதல் நினைப்பு மூளை நெருக்கடிதான். உடனே சிடி ஸ்கேன். அது சரியான நினைப்பு. மூன்றாம் நரம்பு கையாளப்பட்டாலும் பாவை விரியும். ஆனால் குருடாகிக்கொண்டிருக்கும் கண்ணிலும் பாவை விரிந்துதான் இருக்கும். ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் ஆசுவாசப்படும் நேரத்தில் விழித்திரையின் 90 நிமிடம் கழிந்துவிடும்.

இதைப் பிரித்தறிய ஒரு டார்ச் போதும். விரிந்த பாவையுள்ள கண்ணில் ஒளியடித்து, மற்றக் கண்ணின் பாவையைப் பாருங்கள். மறுகண் பாவை சட்டென்று சுருங்கினால், ஒளி அடித்த கண்ணின் விழித்திரையும் பார்வை நரம்பும் உயிரோடு இருக்கின்றன. பாவையைச் சுருக்கும் மூன்றாம் நரம்பில்தான் கோளாறு. மறுகண் பாவை அசையாமல், அதன் மேலேயே ஒளியடிக்கும்போது மட்டும் சுருங்கினால், முதல் கண்ணிலிருந்து செய்தி மூளைக்குப் போகவே இல்லை. பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். மயக்கத்தில் உள்ளவரிடமும் இதைச் செய்யலாம். தாதியர் நிரப்பும் மணிக்கொரு தாளில் ‘வலது 5, இடது 3’ என்று பாவை அளவு எழுதப்படுகிறது. இந்த எதிர்க்கண் பதிலுக்கும் அங்கே ஒரு கட்டம் இருந்தால் பல கண்கள் தப்பும்.

இமையை விலக்கும்போது விரல்களைப் புருவ எலும்பின் மேலும் கன்ன எலும்பின் மேலும் வைத்து விலக்க வேண்டும்; விழியை அழுத்தக் கூடாது. நோயாளி விழித்திருந்தால் விரல்களை எண்ணச் சொல்லுங்கள். பிறகு சிவப்பு மூடி ஒன்றை ஒவ்வொரு கண்ணுக்கும் காட்டுங்கள். ஒரு கண்ணில் மட்டும் சிவப்பு மங்கித் தெரிந்தால் அந்தப் பக்கப் பார்வை நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். பார்வை மங்கியதைக் கிரியோலில் ‘மோ பா பே த்ரூவ் க்ளேர்’ என்று பாட்டி சொன்னாலும் அதைத் தாதியிடம் அப்படியே கொண்டுசேருங்கள். ‘தூக்கக் கலக்கம்’ என்று வீட்டாரே தள்ளிவிடாதீர்கள்.

மூன்றாம் நரம்பு

இது அரிதல்ல என்பதால் சுருக்கமாக. இமை சரிந்து, விழி வெளிப்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒதுங்கி, பாவை விரிந்திருக்கும். பாவையைச் சுருக்கும் இழைகள் நரம்பின் மேற்பரப்பில் ஓடுவதால் வெளியிலிருந்து அழுத்தம் வந்தால் அவைதான் முதலில் அடிபடும். மொரீஷியஸில் வயதுவந்தோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு என்பதால் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. நீரிழிவிலும் மூன்றாம் நரம்பு செயலிழக்கும், ஆனால் அப்போது பெரும்பாலும் நரம்பின் உள்பகுதி அடிபட்டு, பாவை தப்பிவிடும். சர்க்கரைக்காரருக்கு இமை சரிந்து பாவையும் விரிந்திருந்தால் ‘சர்க்கரையால்தான்’ என்று மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அன்றே மூளை ரத்தக்குழாய்ப் படம் எடுக்க வேண்டும்.

அறுவைக்கு முன்பே இருந்த செயலிழப்பு, அனியூரிசத்தைச் சீக்கிரம் அடைத்தால் நன்றாக மீளும். முழுமையாக இல்லாத செயலிழப்பு மீளும் வாய்ப்பு இன்னும் அதிகம். மீட்சி ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை நடக்கும். அதுவரை இரட்டைப் பார்வைக்கு ஒரு கண்ணை மூடும் ஒட்டு, அல்லது கண்ணாடியில் ஒட்டும் பிரிசம் தாள். மாறுகண் அறுவையை நிலை உறைந்த பிறகே யோசிக்க வேண்டும். சிலருக்குக் கீழே பார்க்கும்போது இமை மேலே துள்ளும். நரம்பிழைகள் தவறான தசைக்கு வளர்ந்ததன் விளைவு அது, புதிய ஆபத்து அல்ல.

பார்வை நரம்பும் அதன் தமனியும்

ஆப்தால்மிக் தமனி பிறக்கும் இடத்திலேயே வரும் அனியூரிசங்கள் கண்ணுக்கு மிக ஆபத்தானவை. அவற்றை அடைய முன் கிளினாய்டு எலும்பை வைரமுனைத் துளைப்பானால் தேய்த்து எடுக்க வேண்டும். அந்த எலும்புக்கு ஒட்டியே பார்வை நரம்பு. துளைப்பானின் சூடே நரம்பைக் கருக்கப் போதுமானது என்பதால் உப்புநீரை விடாமல் ஊற்றிக்கொண்டே தேய்ப்பார்கள். நரம்பின் மேல் கூர்விளிம்பாக நிற்கும் சவ்வை முன்கூட்டியே வெட்டித் தளர்த்தினால், பிறகு நரம்பை நகர்த்தும்போது அது அறுபடாது. கிளிப் போட்டபின் ஃப்ளோரசன்ஸ் சாயம் ஏற்றி ஆப்தால்மிக் தமனியில் ஓட்டம் இருக்கிறதா என்று நுண்ணோக்கியிலேயே பார்ப்பார்கள்.

ஆப்தால்மிக் தமனி அடைபட்டாலும் எல்லோருக்கும் பார்வை போவதில்லை. முகத்துக்கும் மூளையுறைக்கும் போகும் வெளிக் கரோட்டிட் கிளைகள் கண்குழிக்குள் மாற்றுவழியாக ரத்தம் தருகின்றன. யாருக்கு அந்த மாற்றுவழி போதும் என்பதைச் சிகிச்சைக்கு முன் பலூனால் தற்காலிகமாக அடைத்துச் சோதித்து அறிவதும் உண்டு. ஓட்டம் திருப்பும் வலைக்குழாய் இந்தத் தமனியின் வாயைக் கடந்து கிடக்கும்போதும் இதே கேள்விதான். வலைக்குழாய் வைத்தவர், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினையும் கிளோபிடோக்ரெலையும் பல் பிடுங்குவதற்காகக்கூடத் தானாக நிறுத்தக் கூடாது. ஒரு கண்ணில் சில நிமிடம் திரை விழுந்து விலகினால், வலி இல்லை என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சுருள் வைத்தபின் அனியூரிசத்துக்குள் ரத்தம் உறைந்து சுவர் அழற்சி கண்டு, சில நாட்கள் அல்லது வாரங்கள் கழித்துப் பார்வை நரம்பை நெருக்குவது உண்டு; ஸ்டீராய்டுக்குப் பலருக்கும் பார்வை தேறும். கேவர்னஸ் சைனஸுக்குள் இருக்கும் அனியூரிசம் கிழிந்தால் தமனி ரத்தம் சிரைக்குள் பாய்ந்து, கண் துடித்துப் பிதுங்கி, காதில் ‘உஷ்உஷ்’ என்று நாடிச் சத்தம் கேட்கும். குழாய்ச் சிகிச்சைக்குச் சில மணி நேரத்தில் இரு கண்ணும் இருண்டு, பாவைகள் மட்டும் இயல்பாக இருந்தால், படம்பிடிக்கும் சாயம் மூளையின் பின்பகுதியை எரிச்சலூட்டியிருக்கலாம். ஸ்கேனில் வேறு காரணம் இல்லை என்று உறுதிசெய்தபின் காத்திருக்கலாம். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளில் பார்வை திரும்பும்.

கண்ணுக்குள் ரத்தம்: டெர்சன் நோய்க்குறி

1881இல் லிட்டனும், 1900இல் பிரெஞ்சுக் கண் மருத்துவர் ஆல்பர்ட் டெர்சனும் விவரித்தது. அனியூரிசம் வெடித்த நொடியில் மண்டைக்குள் அழுத்தம் திடீரென எகிறி, பார்வை நரம்பின் உறை வழியாகக் கண்ணுக்குப் பரவி, சிரைகள் தேங்கி, விழித்திரை நுண்குழாய்கள் வெடிக்கும். ரத்தம் விழியின் உட்பகுதியை நிரப்பும் விட்ரியஸ் கூழுக்குள் கொட்டும். இது அறுவையின் விளைவு அன்று, வெடிப்பின் விளைவு. தெரியவருவது மட்டும் அறுவைக்குப் பின். நினைவு தெளிந்தவர் பொருட்களில் இடித்துக்கொள்வதும், தட்டில் இருப்பதை விட்டுவிடுவதும் மூளைக் குழப்பம் என்று கணக்கில் எழுதப்பட்டு, வாரக்கணக்கில் யாரும் கண்ணைப் பார்க்காமல் போவது மிகச் சாதாரணம். பயிற்சிச் சிகிச்சையில் எதிர்பார்த்தபடி தேறாத எவருக்கும் விழித்திரைப் பரிசோதனை கேளுங்கள். நீரிழிவு உள்ளவருக்குக் கண்ணுக்குள் ரத்தம் வேறு காரணத்தாலும் வரும் என்பதால் கண் மருத்துவரிடம் இரண்டு நோயையும் சேர்த்தே சொல்லுங்கள்.

பாவையை விரிக்கும் சொட்டு போடும்போது ஒரு கண்டிப்பு வேண்டும். மூளை நோயாளியின் பாவை விரிந்தால் நெருக்கடியா மருந்தா என்று அடுத்த ஷிஃப்டுக்குத் தெரியாது. நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் இறங்கும் டிராபிக்கமைடு மட்டும் போட வேண்டும், அட்ரோப்பின் கூடாது. எந்தக் கண், எத்தனை மணி என்பதைத் தாளிலும் கட்டில் தலைமாட்டிலும் எழுத வேண்டும்.

ரத்தம் பலருக்குச் சில மாதங்களில் தானாகக் கரையும். சுமார் மூன்று மாதம் பார்த்துவிட்டு, கரையவில்லை என்றால் ரத்தம் கலந்த அந்தக் கூழை அகற்றும் விட்ரெக்டமி அறுவை. இரு கண்ணும் மறைந்திருந்தாலோ, குழந்தையாக இருந்தாலோ அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை. விழித்திரைக்குத் தாங்கலாகக் கண்ணுக்குள் வாயு வைத்திருந்தால் அது கரையும்வரை விமானப் பயணம் அறவே கூடாது. மேலே போனால் வாயு விரிந்து கண்ணை நசுக்கும். சென்னையிலோ ரீயூனியனிலோ சிகிச்சை முடித்துத் திரும்புவோர் இதை டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். போர்ட் லூயிக்கும், சுமார் 550 மீட்டர் உயரத்தில் உள்ள கியூர்ப்பிப்புக்கும் தினம் ஏறி இறங்குபவர்கள் அந்தப் பயணத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மண்டை திறந்த அறுவைக்குப் பின் உள்ளே காற்று மிச்சம் இருந்தாலும் விமானத்துக்கு அதே தடை உண்டு.

சிறியவை என்று விட்டுவிடக் கூடாதவை

தலைத்தோலைச் சுத்தம் செய்யும் குளோர்ஹெக்சிடின் கண்ணுக்குள் வழிந்தால் கருவிழி நிரந்தரமாக வெளுத்துப்போகலாம். முகத்தருகே நீரில் கலந்த போவிடோன் அயோடின் பயன்படுத்துவதும், களிம்பு தடவி இமையை முழுதாக மூடி ஒட்டுவதும் அதற்காகத்தான். முகநரம்பின் நெற்றிக் கிளை அடிபட்டால் புருவம் தூக்க முடியாது. பெரும்பாலும் மாதங்களில் சரியாகும். இமை முழுதாக மூடவில்லை என்றால் பகலில் செயற்கைக் கண்ணீரும் இரவில் களிம்பும் டேப்பும் கட்டாயம். கருவிழிக்கு உணர்ச்சி குறைந்தவருக்குப் புண் வந்தாலும் வலிக்காது, சிவப்பை மட்டும் நம்பிப் பார்க்க வேண்டும்.

தலைவலிக்கோ வலிப்புக்கோ டோபிராமேட் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் இரு கண்ணும் வலித்துத் தூரப்பார்வை மங்கினால், அது அறுவையின் சிக்கலாக இல்லாமல் மருந்தால் வந்த கோண அடைப்பாக இருக்கலாம். மருந்தை உடனே மாற்றச் சொல்லுங்கள்.

வீட்டில் கண்ணுக்குத் தாய்ப்பால், விளக்கெண்ணெய், மஞ்சள்நீர் எதுவும் விட வேண்டாம். திருநீற்றைத் தையல் மேலும் வீங்கிய இமை மேலும் பூசாமல் மறுபக்க நெற்றியில் வைக்கலாம். அறுவையில் நெற்றி எலும்பறை (மூக்கோடு இணைந்த காற்றறை) திறந்திருந்தால் மூக்கைச் சிந்தக் கூடாது. சிந்தினால் காற்று கண்குழிக்குள் ஏறி இமை ‘நறநற’ என்று ஊதும். தைப்பூசக் காவடி நடுக்கோடையில் வருகிறது. வெடித்த அனியூரிசத்துக்குப் பின் முதல் மூன்று வாரம் உடம்பு வறண்டால் மூளைக்குழாய் இறுகும் ஆபத்து உண்டு. முதல் ஆறு வாரமாவது பாரம் தூக்குவதும் குனிந்து எழுவதும் தவிர்க்க வேண்டியவை. கண் மூடாதவருக்கு வெயிலும் கற்பூரப் புகையும் சேர்ந்து கருவிழியை உலர்த்திவிடும். அந்த ஆண்டு நேர்த்தியைத் தள்ளிவைத்து அடுத்த ஆண்டு எடுக்கலாம்.

மொரீஷியஸில் கண்ணுக்கென்றே உள்ள அரசு மருத்துவமனை, சுப்பிரமணிய பாரதியின் பெயரில், மோக்கா வட்டாரத்தில் இருக்கிறது. வாரங்கள் தாங்கும் டெர்சனுக்கும் இரட்டைப் பார்வைக்கும் அங்கே முறைப்படி அனுப்பிக் காட்டுவது சரி. கண்குழி அழுத்தத்துக்கு அந்தப் பயண நேரமே அதிகம். நோயாளி இருக்கும் இடத்திலேயே, இருக்கும் மருத்துவர் வெட்டியாக வேண்டும். வீட்டுக்கு வந்தவருக்குத் திடீரெனப் பார்வை போனாலோ, கண் பிதுங்கினாலோ, தலைவலியோடு இமை சரிந்தாலோ சாமு ஆம்புலன்ஸ் எண் 114.

ஆண்டுகள் கழித்தும் ஒன்று வரலாம். அறுவையின்போது திறந்துபோன நெற்றி எலும்பறையின் வாய் அடைபட்டுச் சளிப்பை மெல்ல மெல்ல வளர்ந்து, விழியைக் கீழேயும் வெளியேயும் தள்ளும். பழைய அறுவையை மறந்துவிட்டுப் புதுக் கண்ணாடிக்குப் போய் நிற்பவர்களிடம்தான் இது தாமதமாகப் பிடிபடுகிறது. அப்போது எம்ஆர்ஐ எடுக்க, உள்ளே இருக்கும் கிளிப் எந்த உலோகம், எந்த மாதிரி என்று தெரிய வேண்டும். பழைய கிளிப்புகளில் சில காந்தத்தில் நகரக்கூடியவை. வெளிநாட்டில் அறுவை செய்தவர்கள் கிளிப்பின் பெயரும் உலோகமும் எழுதிய அறுவைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கி, அதன் படத்தைக் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். அது கையில் இல்லை என்றால் பெரும்பாலான எம்ஆர்ஐ பிரிவுகள் வாசலிலேயே நிறுத்திவிடும்.